ஆறு மணி நேர ஓட்டத்துக்கு எந்த எஞ்சின்? கிளிநொச்சியில் கட்டிய ஒரு கொறோலா

வன்னிப் பக்கத்து இளைஞர்களுக்குக் கார் றேஸ் என்றால் ஏ9 வழியே இறங்கி, அனுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸைப் பார்த்துவிட்டு வருவதுதான். புழுதி கிளம்பும், கார்கள் பாயும், சில சுற்றுகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு எஞ்சின் கட்டுகிறவர் பத்துப் பதினைந்து நிமிடத்தை மனதில் வைத்துக் கட்டுகிறார். அதே ஆள், அதே பட்டறையில், ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓட ஒரு எஞ்சின் கட்டவேண்டி வந்தால் எங்கே தொடங்குவது? கிளிநொச்சியில் எங்கள் கராஜில் இந்தக் கேள்வி வந்தது. நாங்கள் எடுத்த முடிவையும், அதன் கணக்கையும், ஓட்டம் முடிந்து எஞ்சினைத் திறந்தபோது கண்டதையும் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஒரு அணிக்காவது உதவும்.

கார், 110 கொறோலா. ஒரு காலத்தில் வன்னியில் ஹயர் ஓடிய கார்களில் பாதி இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆசனங்களையும் உட்பூச்சுகளையும் கழற்றி, பாதுகாப்புக் கூடு ஏற்றிய பிறகு எடை ஒரு தொன்னை ஒட்டி நின்றது. போட்டி, தெற்கில் ஒரு தார்ச் சுற்றுப்பாதையில் அமெச்சூர் அணிகள் தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டது. சுற்று ஒன்று ஏறத்தாழ 2 கிலோமீற்றர். எந்த எஞ்சினும் போடலாம். ஆனால் பெற்றோல் தாங்கி காரோடு வந்ததாகவே இருக்கவேண்டும். எரிபொருள் நிரப்ப வந்தால் குறைந்தது ஐந்து நிமிடம் நிற்கவேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நாங்கள் முதலில் சுவரில் எழுதி ஒட்டினோம், ஏனென்றால் எஞ்சின் தெரிவு முழுக்க இவற்றில்தான் தங்கியிருந்தது.

மேசையில் இருந்த எஞ்சின்கள் மூன்று. காரோடு வந்த 5ஏ-எஃப்.ஈ., 1,498 சி.சி., சுமார் 100 குதிரைவலு. அதன் உறவுக்கார 7ஏ-எஃப்.ஈ., 1,762 சி.சி., இழுவை நல்லது. அப்புறம் எல்லாரும் ஆசைப்படும் 20 வால்வு 4ஏ-ஜீ.ஈ., கறுப்பு மூடி போட்டது: 1,587 சி.சி., 7,800 ஆர்.பி.எம்.இல் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 165 குதிரைவலு, கொம்பிரஷன், அதாவது கலவையை நெருக்கும் விகிதம், 11க்கு 1, சிலிண்டருக்கு ஒன்றாக நாலு திரொட்டில். நாலாவதாக, இருக்கிற 5ஏ எஞ்சினுக்கே ஹெட்டைச் சீவி, வால்வைத் திறக்கும் கேம் தண்டை மாற்றி, வலுக் கூட்டும் யோசனையும் இருந்தது.

காரோட்டும் தம்பிக்கு 20 வால்வுதான் வேண்டும். "அண்ணை, அறுபது குதிரை கூட வருது. அதை விட்டிட்டுப் போறதோ?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் அதற்குப் பதிலை வாயால் சொல்லாமல் தாளில் போட்டுப் பார்த்தோம்.

கணக்கு

நல்ல நிலையில் உள்ள ஒரு பெற்றோல் எஞ்சின், முழு இழுவையில் கொஞ்சம் கொழுப்பான, அதாவது பெற்றோல் கூடிய, கலவையோடு ஓடும்போது, ஒரு கிலோவாற் மணி வேலைக்கு ஏறத்தாழ 320 கிராம் பெற்றோல் எரிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுப்பாதையில் எந்தக் காரும் எந்நேரமும் முழு வலுவில் ஓடாது. பிறேக் பிடிக்கும், வளைவில் பாதி அழுத்தும். 5ஏ எஞ்சினுக்குச் சராசரி 60 சதவீதம் என்று எடுத்தோம். வலுக் கூடிய கார் முழு அழுத்தத்தில் இருக்கும் நேரம் குறைவு என்பதால் 20 வால்வுக்கு 55 சதவீதம். இப்படிப் போட்டால் 5ஏ மணிக்கு 20 லீற்றரும், 20 வால்வு மணிக்கு 29 லீற்றரும் குடிக்கும். தாங்கி 50 லீற்றர். வளைவில் பம்ப் காற்றிழுக்காமல் இருக்க மூன்று லீற்றரை அடியில் விட்டால் பாவிக்கக்கூடியது 47. ஆக ஒரு தாங்கிக்கு 5ஏ 140 நிமிடம் ஓடும், 20 வால்வு 97 நிமிடம் ஓடும்.

ஆறு மணி நேரத்தில் 5ஏ இரண்டு தடவை நிற்கவேண்டும், 20 வால்வு மூன்று தடவை. உள்ளே வந்து வெளியே போவதோடு ஒரு நிறுத்தத்துக்கு ஆறு நிமிடம். அதே பாதையில் முன்பு ஓடிய ஒரு 20 வால்வுக் காரின் நேரத்தோடு ஒப்பிட்டதில், எங்கள் காருக்குச் சுற்று 90 செக்கன் என்றால் அதற்கு 88 செக்கன். அப்படியென்றால் 5ஏ மொத்தம் 232 சுற்று ஓடும். 20 வால்வு 233.

அறுபது குதிரைவலுவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சுற்று. காரை நிறுத்தித் திருத்தும் பிற்றில் ஒரு குழாய்க் கிளிப்பை இறுக்க இரண்டு நிமிடம் நின்றாலே அது போய்விடும். நேர்கோட்டு வேகம் கூடுவதால் பிறேக் பாட் சீக்கிரம் தேயும். நடுவில் ஒரு தடவை பாட் மாற்ற நேர்ந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். இந்தத் தாளைப் பார்த்த பிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நிக்காம இருக்கிறதுதான் வேலை" என்றான். ஓட்டுகிறவன் வாயிலிருந்து அது வந்தது எனக்கு எஞ்சின் கட்டியதைவிடப் பெரிய சந்தோஷம்.

வேறு பாதை, வேறு விதி என்றால் விடை மாறும் என்பதையும் சொல்லவேண்டும். நிறுத்தத்துக்குக் குறைந்தபட்ச நேரம் இல்லாத போட்டியில், அல்லது அரை மணி நேர ஓட்டத்தில், 20 வால்வை நான் யோசிக்காமல் போடுவேன். அருமையான எஞ்சின் அது.

வலு எங்கே வலிக்கிறது

5ஏ, 4ஏ இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 77 மி.மீ. வேறுபாடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதில். 6,000 ஆர்.பி.எம்.இல் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 15.4 மீற்றர், 7,800இல் 20 மீற்றர். ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் போல்ற்றையும், அது கிராங்கைப் பிடிக்கும் இடத்துத் தாங்கியான பிக்கெண்ட் மெற்றலையும் இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 6,000இலிருந்து 7,800க்குப் போனால் சுற்று வேகம் 30 சதவீதம்தான் கூடுகிறது, விசை ஏறத்தாழ 70 சதவீதம் கூடுகிறது. சராசரி 5,000 ஆர்.பி.எம். என்று வைத்தாலே ஆறு மணி நேரத்தில் கிராங்க் 18 இலட்சம் தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் போல்ற் ஒருதடவை இழுபடும். ஜப்பானில் எத்தனை வருடம் ஓடியது, எப்படி ஓடியது என்று தெரியாத, பழைய காரின் முன்பாதியை வெட்டி இறக்கிய ஒரு ஹாஃப்கட் எஞ்சினிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய அணிகளும் இதைத்தான் செய்கின்றன. 1991இல் லு மான் 24 மணி நேர ஓட்டத்தை வென்ற மஸ்டா 787பி காரின் ரோட்டரி எஞ்சின் 9,000க்கும் மேலே சுற்றக்கூடியது. ஆனால் அந்த ஓட்டத்துக்கு 9,000 ஆர்.பி.எம்., 700 குதிரைவலு என்று அதைக் கட்டுப்படுத்தி ஓட்டினார்கள். வலுவைக் கையில் வைத்துக்கொண்டே கீழே இறக்கினார்கள்.

அடுத்தது பெற்றோல். ஓட்டத்துக்கு முன் பழகிப் பார்ப்பது, சரி செய்வது எல்லாம் இங்கேதான். இங்கே எல்லா ஷெட்டிலும் நம்பிப் போய் அடிக்கக்கூடியது ஒக்ரேன் 92 பெற்றோல். கொம்பிரஷன் 11 உள்ள எஞ்சினை, சித்திரை வெயிலில், 92 ஊற்றி நீண்ட நேரம் முழு அழுத்தத்தில் ஓட்டினால் நொக் அடிக்கும், அதாவது கலவை நேரம் தவறித் தானாக வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். ஒரு செக்கன் நொக் கேட்டால் காலை எடுக்கலாம். ஹெல்மெற் போட்டு, சைலன்ஸர் சத்தத்துக்குள் இருக்கிறவனுக்கு அது கேட்கவே கேட்காது. பிஸ்டன் விளிம்பு உடைந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் கராஜ் பெரியவருக்கு இதை விளங்கப்படுத்தவே வேண்டியிருக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுச் சொட்டாக விடும் பொருளாக இருந்தது, ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் எவ்வளவு சீக்கிரம் நொக் அடிக்கும் என்பதையும், கொம்பிரஷன் குறைந்த பழைய எஞ்சின்கள் அதை எப்படித் தாங்கின என்பதையும் அவர் காதால் படித்தவர். "கிடைக்கிற எண்ணைக்கு எஞ்சினைப் பாருங்கோ, எஞ்சினுக்கு எண்ணை தேடிப் போகாதேங்கோ" என்றார். ஹெட்டைச் சீவி 5ஏ எஞ்சினின் கொம்பிரஷனைக் கூட்டும் யோசனை அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. இக்னிஷனும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், கொம்பனி சொன்ன 10 பாகையிலேயே இருந்தது.

7ஏ பற்றி ஒரு வார்த்தை. தாளில் பார்த்தால் அதுதான் சரியான எஞ்சின்: வலு கீழேயே வந்துவிடும், உயரச் சுற்றத் தேவையில்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்தவை மெலிந்த கலவையில் ஓடும் லீன்பேர்ண் ரகம். கணினிப் பெட்டி, வயரிங் எல்லாம் தனி. கிராங்க், கொன்ரொட், பிஸ்டன், டைமிங் பெல்ட் ஒன்றும் 5ஏயோடு பொருந்தாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு டைமிங் பெல்ட்டோ ஹெட் கஸ்கெட்டோ போனால் 5ஏ சாமானை வவுனியாவில் ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம். 7ஏ சாமானுக்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நல்ல 7ஏ ஒன்று உதிரிகளோடு கிடைத்தால் நான் இன்றைக்கும் அதற்கு மாறத் தயார்.

ஆக முடிவு: காரோடு வந்த 5ஏ, அதே கேம், அதே கொம்பிரஷன். எங்களுக்குச் சொன்ன 20 வால்வு விலையில் மிச்சம் பிடித்த காசு முழுவதும் தண்ணீருக்கும் ஒயிலுக்கும் போனது.

தண்ணீர்

எஞ்சினை இறக்கியதும் முதலில் றேடியேற்றரின் மேல் தொட்டியைத் திறந்தோம். உள்ளே குழாய் வாய்களைச் சுற்றி வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் தூளாக வரும் சுண்ணாம்புப் படிவு. பின் பக்கக் குழாய்களில் சிலவற்றுக்குள் ஈர்க்குக்கூட நுழையவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. கேத்திலுக்குள் படிகிற அதே படிவுதான். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓடிய கார், கடைக்குப் போகிற ஓட்டத்துக்குத் தாங்கும், ஆறு மணி நேரத்துக்குத் தாங்காது. வன்னியில் றேஸ் எஞ்சின் கட்டும் எவரும் முதல் காசை இங்கேதான் போடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்று வரிசைச் செம்புக் கோர் போட்டோம். பிளாக்கின் உள் வழிகளை அமிலக் கரைசலால் கழுவினோம். ஊற்றியது பற்றறிக் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீரும் துருத்தடுப்பானும் மட்டும். பனி உறையாத ஊரில் கிளைக்கோல் நிறையக் கலக்கத் தேவையில்லை, வெறும் தண்ணீர் அதைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும். மூடி 0.9 பார், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118 பாகையில்தான் கொதிக்கும். ஆனால் மூடியின் ரப்பர் பழசானால் அந்தக் கணக்குச் செல்லாது, ஆகவே புது மூடி.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிராக ஓடும் என்று எங்கள் ஊரில் ஆழமான ஒரு நம்பிக்கை உண்டு. இந்த எஞ்சினில் அது எதிராக வேலை செய்யும். சூடேறித் திறக்கும்போது தேர்மோஸ்ரற், றேடியேற்றருக்குப் போகாத குறுக்கு வழியான பைபாஸையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். 82 பாகையில் திறக்கும் புதிய ஒன்றைப் போட்டோம், போடுமுன் அடுப்பில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு, திறப்பதைக் கண்ணால் பார்த்தோம்.

ஒயில்

சுற்றுப்பாதையில் 5ஏ சாவது பெரும்பாலும் ஒயில் இல்லாமல்தான், அதுவும் எஞ்சினின் அடித்தட்டான சம்பில் ஒயில் நிறைய இருக்கும்போது. மூன்று லீற்றரைச் சுற்றிப் பிடிக்கும் சம்ப் அது. நீளமான வளைவில் ஒயில் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும்; உறிஞ்சும் குழாயின் வாய் இரண்டு செக்கன் காற்றை இழுத்தால் போதும், பிக்கெண்ட் மெற்றல் காய்ந்துவிடும்.

இதற்கு லாண்ட் மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி ஒட்டுகிற வெல்டிங்காரர் ஒருவர்தான் கைகொடுத்தார். சம்பைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உறிஞ்சும் வாயைச் சுற்றி 2 மி.மீ. தகட்டில் நாலு சுவர். ஒவ்வொரு சுவரிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவு. மேலே ஒரு தட்டு. ஒயில் உள்ளே வரும், திரும்பிப் போகாது. கதவுகளின் பிணையலை அவர் ஒரே கம்பியில் கோத்து, கம்பியின் இரு முனையையும் ஒட்டினார். அதில் ஒன்று கழன்று விழுந்தாலும் எஞ்சினுக்குள்தானே விழும் என்று அவரே யோசித்துச் செய்தார். குறியைவிட அரை லீற்றர் கூட ஊற்றினோம். சிறிய ஒயில் கூலர் ஒன்று, 15டபிள்யூ-50 ஒயில், ஒயில் வெப்பமானி, அழுத்தமானி. வெப்பம் 130 பாகையைத் தாண்டினால் ஓட்டுநர் கேட்காமலே 500 ஆர்.பி.எம். குறைக்கவேண்டும் என்பது விதி.

எஞ்சினின் உள்வேலை சாதாரணமானது, ஆனால் பொறுமையாகச் செய்தோம். புது றிங், வாய் இடைவெளி 0.35 மி.மீ. புது மெற்றல், பிக்கெண்ட் இடைவெளி 0.04 மி.மீ. ஐ ஒட்டி. ஹெட்டின் முகம் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருக்கக்கூடாது. எங்களுடையது அதற்குள் இருந்ததால் லேத்துக்குக் கொடுக்கவில்லை. புதிய கொன்ரொட் போல்ற். கூட்டிய பிறகு கொம்பிரஷன் நாலு சிலிண்டரிலும் 190 பி.எஸ்.ஐ.யைச் சுற்றி வந்தது. 142க்குக் கீழே போனால்தான் இந்த எஞ்சினுக்கு வயது வந்துவிட்டது என்று பொருள்.

நெல் வெட்டும் மெஷின் திருத்துகிற நண்பர் ஒருவர் அணியில் இருந்தார். கார்க்காரர்கள் கிலோமீற்றரில் யோசிப்பார்கள், அவர் மணி நேரத்தில் யோசிப்பார். அறுவடைக் காலத்தில் ஒரு மெஷின் வயலில் நின்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். காருக்கு ஒரு மணிமானி பூட்டச் சொன்னவர் அவர்தான். எந்தக் குழாய், எந்தப் பெல்ட், எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு கொப்பியில் எழுதினார். அந்தக் கொப்பி இல்லாமல் இப்போது எங்களால் எதையும் தீர்மானிக்க முடியாது.

ஓட்டம்

வேகமானியைவிட ஆர்.பி.எம். மானிதான் முக்கியம் என்பதால் 6,000இல் சிவப்பு நாடா ஒட்டினோம். ஓட்டுநர்கள் மூவர், ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெற்றோல் நிறுத்தமும் ஆள் மாற்றமும் ஒரே நேரத்தில் விழுந்தன. 5ஏ எஞ்சினைத் தெரிவு செய்ததில் கிடைத்த, கணக்கில் சேர்க்காத லாபம் இது. அந்த வெயிலில் அதற்கு மேல் ஒருவரை உள்ளே வைத்திருப்பதும் சரியல்ல.

நாலாவது மணியில் தண்ணீர் வெப்பம் 90இலிருந்து 98க்கு மெல்ல ஏறியது. அடுத்த நிறுத்தத்தில் பார்த்தால் முன் வலையில் காய்ந்த புல்லும் ரயர்த் துகளும் அப்பிக்கிடந்தன. கையால் வழித்ததும் இறங்கிவிட்டது. ஒயில் 122 பாகைக்கு மேலே போகவில்லை, அழுத்தம் எந்த வளைவிலும் விழவில்லை. முடிவில் 229 சுற்று. பெற்றோல் மணிக்கு 20 லீற்றருக்குச் சற்றுக் கீழே.

எங்களுக்கு முன்னால் முடித்த கார்களில் 20 வால்வு போட்ட ஒன்றும் இருந்தது. ஓட்டம் முடிந்து அவர்களோடு பேசியபோது, 7,000க்கு மேலே ஒரு தடவையும் ஏற்றவில்லை என்றார்கள். பெற்றோலை நீட்டித்து ஒரு நிறுத்தத்தை மிச்சம் பிடிக்கத்தான். நாங்கள் ஒரு பக்கமிருந்து வந்த இடத்துக்கு அவர்கள் மறுபக்கமிருந்து வந்திருந்தார்கள். காசும் உதிரியும் இருந்தால் அதுவும் நல்ல வழி.

ஊருக்கு வந்து எஞ்சினைத் திறந்தோம். பிக்கெண்ட் மெற்றல் எட்டிலும் சாம்பல் பூச்சு முழுதாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் மேல் பாதியில் நடுவே சிறிது மினுக்கம், செம்பு எங்கும் தெரியவில்லை. ஒயில் அறைக் கதவுகள் நாலும் இலகுவாக ஆடின. சிலிண்டர் சுவர்களில் ஒயில் பிடிக்கக் கீறிவிடும் ஹோன் கோடுகள் தேயாமல் தெளிவாகத் தெரிந்தன. யோசிக்க வைத்தது ஒன்றுதான்: நாலாவது பிளக் மற்ற மூன்றையும்விட வெளிறியிருந்தது. அந்தச் சிலிண்டர் வோட்டர் பம்பிலிருந்து தூரத்தில் இருப்பது, கலவையும் அங்கே மெலிந்தால் முதலில் போவது அதுதான். இன்ஜெக்டர் நாலையும் கழற்றி, ஒரே அளவு நேரம் நாலு போத்தல்களுக்குள் விட்டுப் பார்த்தோம். நாலாவது போத்தலில் பெற்றோல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவு.

அடுத்த ஓட்டத்துக்கும் இதே எஞ்சின்தான். மெற்றல் அப்படியே இருக்கும், ஹெட் கஸ்கெட் புதிதாகும். இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, அளவு ஒத்துப்போகும் நாலைத் தேர்ந்து போடுவோம். றேடியேற்றருக்கு முன்னால் ஒரு நிமிடத்துக்குள் கழற்றி மாட்டக்கூடிய இரண்டாவது வலை. தம்பி இப்போது கேட்பது குதிரைவலு இல்லை, இரண்டாவது வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்றாம் கியருக்கும் நாலாம் கியருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வேறு இறுதிப் பல்விகிதம் (கியர்பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் கடைசிப் பல்லுகளின் விகிதம்). அதற்கான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.